கோவ் நகரத்து அண்டை வீட்டார்

புதிய ஊருக்குப் போகும் பிரயாணிகள் முதலில் விசாரிப்பது, "இந்த ஊரில் பார்க்கத் தகுந்தவை என்ன?" என்பதுதான். கோயில், கோட்டை, கடற்கரை, கண்காட்சிசாலை என்று ஊரார் வரிசையாகச் சொல்லுவார்கள். அயர்லாந்து தேசத்தின் தென் கரையில் உள்ள கோவ் என்னும் சிறு பட்டணத்தில் இவை யாவும் உண்டு. ஆனால் கடல் கடந்து அந்த ஊருக்கு வருகிறவர்களில் அநேகர் இவற்றைப் பார்ப்பதற்காக மட்டும் வருவதில்லை. தங்கள் பாட்டி பிறந்த வீட்டின் வாசற்படியைப் பார்ப்பதற்காக வருகிறார்கள்!

நாம் என்னவோ வேடிக்கை பார்க்கத்தான் போனோம். கார்க் நகரத்தில் ரயில் ஏறினால் கோவ் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். வண்டி சிறிது தூரம் போனதுமே இரு புறமும் தண்ணீர் தென்படுகிறது. கோவ் நகரம் ஒரு தீவின்மேல் இருக்கிறது. "பெரிய தீவு" என்பதே அத்தீவின் பெயர். சேற்றில் கொக்குகளும் கடற்பறவைகளும் இரை தேடிக்கொண்டிருந்தன. மழை தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. "இந்த மழைக்குக் குடை பிடிப்பதா, வேண்டாமா?" என்று நாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியார், "நீங்கள் என்ன பாஷை பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். இப்படியாகச் சம்பாஷணை ஆரம்பமாயிற்று.

அந்த அம்மையார் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்தவர். வயது எழுபத்தைந்து. கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நம்மிடம் காட்டினார். அதில் மூன்றே வரிகள் இருந்தன: அவருடைய பாட்டியின் பெயர், பாட்டி கப்பல் ஏறிய வருஷம் 1912, கோவ் நகரத்தில் ஒரு தெருவின் பெயர்.

"என் பூர்வோத்தரம் முழுவதும் இந்த மூன்று வரிதான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிற்று.

"என் பாட்டி பிறந்த ஊரைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பத்தொன்பதாவது வயதில் புறப்பட்டு வந்தவள், ஒரு தடவையாவது திரும்பிப் போகவில்லை. ஊருக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை என்று என் தாயார் சொல்லுவாள். 'பெற்ற தாயை மறந்தவள்' என்று எங்கள் குடும்பத்தில் பாட்டிக்கு ஒரு பெயர். எனக்கு அது மனத்தில் உறுத்திக்கொண்டேயிருக்கிறது. அது மெய்யா, பொய்யா என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

நமக்கு அதன் பிறகு வேடிக்கை பார்க்கும் எண்ணம் போய்விட்டது. "ஆட்சேபம் இல்லையென்றால் நாமும் கூட வருகிறோம்" என்றோம்.

* * *

கோவ் ஸ்டேஷனில் இறங்கிக் கடலைப் பார்த்து நின்றால், அந்த ஊரின் சரித்திரம் முழுவதையும் ஒரே இடத்தில் நின்றபடி படித்துவிடலாம்.

முதலில் ஊரின் பெயரைச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் "கோப்" என்று படிக்கத் தோன்றும். ஆனால் ஊரார் "கோவ்" என்றுதான் சொல்லுகிறார்கள். கப்பல்கள் ஒதுங்கும் குடாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. 1849-ஆம் வருஷத்தில் விக்டோரியா மகாராணி இங்கே வந்து இறங்கினார். அந்த ஒரு விஜயத்துக்காக ஊரின் பெயர் "குவீன்ஸ்டவுன்" என்று மாறிற்று. எழுபத்தொரு வருஷம் அப்படியே இருந்தது. 1920-ல், சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊரார் பழைய பெயரையே ஐரிஷ் எழுத்து முறையில் எழுதித் திரும்ப வைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், கார்க் நகரத்து மேயர் டெரன்ஸ் மாக்ஸ்வினி லண்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்தார். அவருடைய உடல் இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் தாய் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒன்பது வருஷம் கழித்து லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உபவாசமிருந்து மறைந்தபோது, நம் தேசத்தார் மாக்ஸ்வினியின் பெயரை நினைத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்துக்கு மேலே மலைச் சரிவில் வீடுகள் படிப்படியாக ஏறுகின்றன. ஒரு தெருவில் இருபத்து மூன்று வீடுகள், பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வர்ணத்தில், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கின்றன. அவற்றுக்குச் "சீட்டுக்கட்டு" என்று பெயர். அடி வீடு விழுந்தால் எல்லா வீடும் விழுந்துவிடும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்லுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஸெயின்ட் கோல்மன் மாதாகோயில் ஓங்கி நிற்கிறது. 1868-ல் ஆரம்பித்த கட்டடம் பூர்த்தியாகிப் பிரதிஷ்டை நடந்தது 1919-ல். கடல் கடந்து போன ஐரிஷ்காரர்கள் அனுப்பிய பணமும் அந்தக் கல்லில் சேர்ந்திருக்கிறது. அதன் கோபுரத்தில் 49 மணிகள் இருக்கின்றன.

இத்தனை அழகான ஊரை விட்டு ஜனங்கள் ஏன் போனார்கள்? 1845-ல் உருளைக் கிழங்குப் பயிரில் ஒரு நோய் கண்டது. ஏழைக் குடியானவர்களுக்கு அந்தக் கிழங்கைத் தவிர வேறு ஆகாரம் கிடையாது. தேசத்தில் விளைந்த தானியமோ கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. தாது வருஷப் பஞ்சத்தின் கதையைக் கேட்டிருக்கும் நமக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. 1841-ல் 81 லட்சமாக இருந்த அயர்லாந்தின் ஜனத்தொகை 1851-ல் 65 லட்சமாகக் குறைந்துவிட்டது. சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். ஒரு முறை ஆரம்பித்த அந்தப் போக்கு நூறு வருஷம் ஓயவில்லை. 1848 முதல் 1950 வரையில் கோவ் துறைமுகத்தின் வழியாக மட்டும் 25 லட்சம் பேர் போனதாகக் கணக்கிடுகிறார்கள். இன்று அந்தத் தீவின் இரு பகுதிகளையும் சேர்த்து எண்ணினாலும் ஜனத்தொகை 1841-ஆம் வருஷத்து எண்ணிக்கையை எட்டவில்லை.

கரையிலே கறுத்து உளுத்துப்போன மரத்தூண்கள் சில தண்ணீருக்குள் நிற்கின்றன. 1912 ஏப்ரல் 11-ந் தேதி 'டைட்டானிக்' கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் இதுதான். இங்கே ஏறியவர்கள் 123 பேர். உயிர் தப்பியவர்கள் 44 பேர்.

"என் பாட்டி புறப்பட்டது அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு" என்றார் பாஸ்டன் அம்மையார். "அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும் எப்படித்தான் தைரியமாகக் கப்பல் ஏறினாளோ!"

* * *

பழைய ஸ்டேஷன் கட்டடத்திலேயே குடிபெயர்ந்தவர்களைப் பற்றிய கண்காட்சிசாலை ஒன்று இருக்கிறது. வம்ச விருத்தாந்தம் தேடி வருகிறவர்களுக்கு அங்கே உதவி செய்கிறார்கள். மூன்று வரிக் காகிதத்தை வாங்கிப் பார்த்த ஒரு பெண்மணி, கால் மணி நேரத்தில் 1911-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள். 1901, 1911 ஆகிய இரண்டு வருஷத்துக் கணக்குகளையும் இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். குடும்பத் தலைவன் தன் கையாலேயே பூர்த்தி செய்த தாள் அப்படியே தெரிகிறது.

பாஸ்டன் அம்மையார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தகப்பனார் துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர். பிள்ளைகளின் வரிசையில் மூன்றாவதாகப் பாட்டியின் பெயர், வயது 18. தாயாரின் பெயருக்கு நேரே, மணமாகி எத்தனை வருஷம், பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவை எத்தனை என்ற விவரம்கூட இருந்தது. பிறந்தவை ஒன்பது, இருப்பவை ஆறு. "படிப்பு" என்ற கட்டத்தில், "படிக்கத் தெரியாது" என்று எழுதியிருந்தது.

அந்த அம்மையார் தாயாரின் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது என்னுடைய பெயர்!" என்றார். "நான் பிறந்தபோது எனக்குப் பெயர் வைத்தது பாட்டிதான். 'இந்தப் பெயர்தான் வைக்கவேண்டும்' என்று ஒரே பிடிவாதமாக நின்றாளாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது."

ஐரிஷ்காரர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. முதற் பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர், முதற் பெண்ணுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயர் என்று முறை வைத்துப் பெயரிடுவார்கள். பேரன், பேர்த்தி என்ற சொற்களையே பெயரிலிருந்து உண்டாக்கிக்கொண்ட நமக்கு இது விநோதமாகத் தோன்றவில்லை. பாட்டி தன் தாயின் பெயரைப் பேர்த்திக்கு வைத்திருக்கிறாள். தாயை மறந்தவள் செய்யும் காரியமா இது? நமக்கு அப்போதே சந்தேகம் உண்டாயிற்று.

"இதற்கு முந்தின கணக்குகளையும் காட்டுங்கள்" என்று அம்மையார் கேட்டார். அந்தப் பெண்மணி தலையசைத்தாள். 1821 முதல் 1851 வரையில் எடுத்த நான்கு கணக்குகளும் டப்ளின் நகரத்துத் தஸ்தாவேஜு நிலையத்தில் இருந்தன. 1922 ஜூன் 30-ந் தேதி, உள்நாட்டுப் போரின்போது, அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுகளின் காகிதங்கள் சாம்பலாகி நகரத்தின்மேல் பறந்தன. 1861, 1871 கணக்குகளைச் சர்க்காரே அழித்துவிட்டார்கள். 1881, 1891 கணக்குகளை முதல் மகா யுத்தத்தின்போது காகிதப் பஞ்சத்துக்காகக் கூழாக்கிவிட்டார்கள்! 2022-ல், எரிந்த நூறாவது ஆண்டில், வெளியூர்களில் கிடந்த நகல்களையெல்லாம் ஒன்று சேர்த்து, போனதை ஓரளவு கம்ப்யூட்டரில் மீட்டிருக்கிறார்கள். ஆயினும் கோவ் நகரத்துக் கூலிக்காரன் வீட்டில் 1851-ல் யார் யார் இருந்தார்கள் என்பதை இனி எந்தக் காகிதமும் சொல்லப்போவதில்லை.

காகிதம் இல்லாத இடத்தில் அந்த ஜனங்கள் ஞாபகத்தைக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான விஷயம் உண்டு. 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அயர்லாந்திலோ எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்வது என்பது 1864-ல்தான் ஏற்பட்டது. ஆகையால் கிழவர்களிடம் பிறந்த தேதிக்கு அத்தாட்சி கிடையாது. என்ன செய்வது? 1839 ஜனவரி 6-ந் தேதி இரவு தேசமெங்கும் ஒரு பெரும் புயல் அடித்தது. "பெரிய காற்று அடித்த ராத்திரி உமக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று அதிகாரிகள் கேட்பார்களாம். ஞாபகம் இருந்தால் எழுபது வயது என்று அர்த்தம்! "தாது வருஷத்தில் நான் கைக்குழந்தை" என்று நம் பாட்டிமார் வயதுக் கணக்குச் சொன்னது போலத்தான். சம்பளம் கிடைக்கிறது என்றதும் பலருக்கு ஞாபக சக்தி அபாரமாக விருத்தியாகிவிட்டது. 1901-ஆம் வருஷக் கணக்கையும் 1911-ஆம் வருஷக் கணக்கையும் ஒப்பிட்டால், பத்தே வருஷத்தில் பதினைந்து வயது கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள்.

* * *

கண்காட்சிசாலையை விட்டு வெளியே வந்ததும் ஒரு வெண்கலச் சிலை. ஓர் இளம் பெண்ணும் இரண்டு தம்பிமாரும். தம்பி ஒருவன் கடலைச் சுட்டிக் காட்டுகிறான். அவள் ஊரைத் திரும்பிப் பார்க்கிறாள். ஆனி மூர் என்ற அந்தப் பெண் 1891 டிசம்பர் 20-ந் தேதி இங்கே கப்பல் ஏறினாள். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி முதல் தேதி திறந்தபோது, அதில் முதன்முதலாகப் பதிவானவள் அவளே. பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவள் என்ன ஆனாள்? டெக்ஸாஸ் மாகாணத்துக்குப் போய், அங்கே டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று வெகு காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2006-ல் தேடிப் பார்த்ததில், டெக்ஸாஸில் இறந்தவள் அமெரிக்காவிலேயே பிறந்த வேறொரு ஆனி மூர் என்று ஏற்பட்டது. மெய்யான ஆனி மூர் நியூயார்க்கை விட்டுப் போகவேயில்லை. ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில் குடித்தனம் செய்து, பல குழந்தைகளைப் பெற்று, சிலவற்றைப் பறிகொடுத்து, 1924-ல் இறந்துபோனாள். அவளைப் புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 2008-ல்தான் அயர்லாந்துக் கல்லை வைத்தார்கள். சிலை வைக்கும் அளவுக்குப் பிரசித்தி பெற்ற பெண்ணின் கதையே இப்படித் திரிந்துபோகுமானால், பாஸ்டன் நகரத்துப் பாட்டியின் கதை திரிந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

* * *

மூச்சு வாங்க மேட்டில் ஏறி அந்தத் தெருவைக் கண்டுபிடித்தோம். ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கெடுத்தவர்கள் தாங்கள் போன வரிசைப்படி வீடுகளுக்கு எண் போட்டிருந்தார்கள். கதவில் உள்ள எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வீடுகளில் கேட்டோம். அன்போடு பதில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் குடிவந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. கடைசியில் ஒரு பையன், "நாலாவது வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாதது கிடையாது" என்றான்.

நாலாவது வீட்டுத் தாத்தாவுக்கு வயது எண்பத்தெட்டு. கதவைத் திறந்தவர், நாம் வாயைத் திறக்கு முன்பே, "உள்ளே வாருங்கள், மழையில் நிற்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். விஷயம் என்ன என்று கேட்டதெல்லாம் தேநீர் வந்த பிறகுதான்.

அம்மையார் பாட்டியின் பெயரைச் சொன்னார். கிழவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எந்தக் கிளை?" என்று கேட்டார். கார்க் வட்டாரத்தில் குடும்பப் பெயர்கள் சில. அவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஆகையால் அண்டை வீட்டார் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப் பெயர் வைத்திருப்பார்கள். அது எந்தத் தஸ்தாவேஜிலும் இராது. அம்மையார் ஜனத்தொகைக் கணக்கின் நகலை நீட்டினார். கிழவர் அதைக் கையில் வாங்கவேயில்லை. "துறைமுகத்தில் வேலை பார்த்தவர், ஆறு பிள்ளைகள், மூன்றாவது பெண் பாஸ்டனுக்குப் போனாள். சரிதானே?" என்றார். பிறகு சுவரைச் சுட்டிக் காட்டி, "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு" என்றார்.

அவர் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே பாட்டி கப்பல் ஏறிவிட்டாள். ஆனால் அவருடைய சொந்தப் பாட்டியும் அவளும் ஒரே வயது; அடுத்தடுத்த வீட்டுத் தோழிகள். பேரன் வாலிபனாகும் வரையில் உயிரோடிருந்த அந்தத் தோழி சொன்னதையெல்லாம் கிழவர் நமக்குச் சொன்னார்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு முந்தின இரவு வழியனுப்பு நடக்கும். அதை ஐரிஷ்காரர்கள் சாவு வீட்டுக் கண்விழிப்பின் பெயராலேயே அழைத்தார்கள். போகிறவர் திரும்பப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அண்டை வீட்டார் கூடி, விடிகிற வரையில் பாடுவார்கள், ஆடுவார்கள், நடுநடுவே அழுவார்கள். அந்த இரவில் பாட்டியின் தாயார், மகளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்: "எழுது. படிக்க எனக்குத் தெரியாவிட்டால் என்ன? அடுத்த வீட்டுப் பெண் படித்துச் சொல்லுவாள்."

"எழுதினாளா?" என்று கேட்டார் அம்மையார். அவர் குரல் மிகவும் தணிந்துவிட்டது.

"மாதம் தவறாமல்!" என்றார் கிழவர். "கடிதம் உங்கள் வீட்டுக்கு வராது, அம்மா. எங்கள் வீட்டுக்குத்தான் வரும். என் பாட்டி அதை எடுத்துக்கொண்டு போய், அடுப்பங்கரையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாள். தெருவில் பாதிப் பேர் கேட்க வந்துவிடுவார்களாம். உள்ளே பணம் இருக்கும். அதைக்கொண்டுதான் கடைசித் தம்பிக்குப் படிப்பு."

பிறகு அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"ஒரு கடிதத்தை மட்டும் என் பாட்டி முழுவதும் படிக்கவில்லை. பாஸ்டனில் உங்கள் பாட்டிக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. முறைப்படி தன் தாயாரின் பெயரையே அதற்கு வைத்திருந்தாள். 1918-ஆம் வருஷத்து விஷக் காய்ச்சலில் அந்தக் குழந்தை போய்விட்டது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிற தாயாரின் முகத்தைப் பார்த்தாள் என் பாட்டி. 'உங்கள் பெயர் வைத்த குழந்தை இறந்துவிட்டது' என்று அவளால் சொல்ல முடியவில்லை. 'எல்லோரும் சௌக்கியம்' என்று படித்துவிட்டாள். அன்றிரவே பாஸ்டனுக்கு அதை எழுதியும் விட்டாள். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உங்கள் பாட்டியும் அதற்கு இசைந்தே எழுதினாளாம். குழந்தை நடக்கிறது, பேசுகிறது, பள்ளிக்கூடம் போகிறது என்று! 1925-ல் தாயார் காலமானாள். ஒரு குறையும் இல்லாமல் போனாள். அதன் பிறகு கடிதம் வருவது நின்றுவிட்டது. இனி யாருக்காக எழுதுவது?"

நாம் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மையாரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் நமக்கு இல்லை.

"என் பாட்டி வருஷத்தில் ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு மாதாகோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள்" என்று கிழவர் முடித்தார். "சின்னப் பையன் நான், 'யாருக்குப் பாட்டி?' என்று கேட்பேன். 'அடுத்த வீட்டுக் குழந்தைக்கு' என்பாள். அடுத்த வீட்டில் அப்போது குழந்தையே கிடையாது. வெகு நாள் கழித்துத்தான் இவ்வளவையும் சொன்னாள். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்கள் யாரும் இல்லை."

அம்மையார் தன் பெயரைக் கிழவரிடம் அதுவரையில் சொல்லவில்லை. இப்போது சொன்னார். கிழவர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

* * *

ஜனத்தொகைக் கணக்கு பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், என்ன வயது, யாருக்குப் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் அதில் சரியாகவே இருக்கிறது. குடும்பத்தில் வழங்கிய கதைதான் ஒரு நல்ல பெண்ணை நூறு வருஷம் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. "படிக்கத் தெரியாது" என்ற ஒரு வரியின் அர்த்தமும் அடுத்த வீட்டுக்காரர் வாய் திறந்த பிறகுதான் நமக்கு விளங்கிற்று. நாம் அந்த ஊருக்குச் சில வருஷம் தாமதித்துப் போயிருந்தால் அந்த வாயும் மூடியிருக்கும்.

சுதந்திரம் பெற்ற ஐரிஷ்காரர்கள் இந்த ஆபத்தை நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1937 முதல் 1939 வரையில் ஏறக்குறைய 5,000 ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டிலும் அண்டை அயலிலும் உள்ள கிழவர் கிழவிகளிடம் போய், பழைய கதை, வைத்தியம், விளையாட்டு, பஞ்ச காலத்து அநுபவம், ஊர்ப் பெயர்களின் காரணம் யாவற்றையும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரவேண்டியது. இப்படிச் சேர்ந்தவை சுமார் 7,40,000 பக்கங்கள். குழந்தைகளின் கோணல் எழுத்தில் இன்றும் அவை பத்திரமாக இருக்கின்றன. டப்ளினில் எரிந்துபோன காகிதங்களைவிட இவை குறைந்த மதிப்புடையவை என்று நாம் நினைக்கவில்லை.

மாலையில் அம்மையாரும் கிழவரும் மாதாகோயிலுக்குப் புறப்பட்டார்கள். நாமும் பின்னால் போனோம். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு என்ன நேரம் ஆகிவிடும்? ஆனாலும் அவர்கள் வெகு நேரம் அங்கே நின்றார்கள். வெளியே வந்தபோது கோபுரத்து மணி அடித்தது. மழை விட்டிருந்தது.

திரும்பும் ரயிலில் அம்மையார் அதிகம் பேசவில்லை. கார்க் நெருங்குகிற சமயத்தில், மூன்று வரிக் காகிதத்தின் பின்புறத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "உங்கள் பாட்டிக்கு அடுத்த வீட்டில் இருந்தவர் யார்?" என்று நம்மைக் கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை. பாட்டியின் ஊர் தெரியும், தெரு தெரியும், திண்ணையும் முற்றமும் கண்ணில் நிற்கின்றன. அடுத்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். தொண்ணூற்றிரண்டு வயதான நமது பெரிய அத்தை. ஊர் திரும்பியதும், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனோம்.

"என்னடா இது, திடீரென்று வந்து நிற்கிறாய்?" என்று அத்தை கேட்டாள். விஷயத்தைச் சொன்னோம். அத்தை சற்று யோசித்துவிட்டு, "அடுத்த வீட்டைப் பற்றியா கேட்கிறாய்? அது பெரிய கதை. முதலில் காபி சாப்பிடு" என்றாள்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் போய்ச் சற்று உட்காருங்கள்.